கன்சாஸ் வேலிக்கல்லில் ஒரு கடல்

கொங்கு நாட்டுப் பக்கம் போனால் தோட்டங்களைச் சுற்றிக் கல்லுக்கால் நட்டு முள்கம்பி இழுத்திருப்பதைப் பார்க்கலாம். அதே காட்சி அமெரிக்காவின் நட்டநடுவில் இருக்கும் கன்சாஸ் மாநிலத்திலும் உண்டு. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை புல்வெளி, அதன் ஓரமாக வரிசையாகக் கல்லுக்கால்கள். நம் ஊர்க் கால் கருங்கல். அங்கே இருப்பது சுண்ணாம்புக்கல், வெளிறிய மஞ்சள் நிறம், நடுவில் துருப்பிடித்த மாதிரி ஒரு பழுப்புக் கோடு. கிட்டப் போய்ப் பார்த்தால் சில கால்களில் சிப்பி பதிந்திருக்கும். அந்த வேலி நிற்கும் இடத்திலிருந்து மிகப் பக்கத்துக் கடற்கரையே ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது.

சிப்பி அங்கே எப்படி வந்தது என்பதற்கான பதில் ஒரு வரியில் முடிந்துவிடும்: அந்த இடம் ஒரு காலத்தில் கடல். ஆனால் அந்த ஒரு வரியோடு நிறுத்திக்கொண்டால் இந்த விஷயத்தின் ருசியே தெரியாமல் போய்விடும். அந்தக் கடல் எப்போது வந்தது, எவ்வளவு ஆழம், கரை எந்தப் பக்கம், எத்தனை முறை உள்ளே வந்து பின்வாங்கியது, எல்லாமே பாறையின் வரிசையில் பதிவாகியிருக்கிறது. அந்த வரிசையைப் படிக்கத் தெரிந்துவிட்டால் வேலிக்கல், மலைக் குகைக்குள் கட்டிய வீடு, விரிசல் விடும் சுவர், சரிந்துபோன அணை எல்லாவற்றுக்கும் ஒரே கணக்கில் விடை கிடைக்கும்.

முதலில் அந்தக் கல்லுக்காலையே பார்த்துவிடலாம். 1800-களின் கடைசியில் அங்கே குடியேறிய விவசாயிகளுக்கு நிலம் கிடைத்தது, மரம் கிடைக்கவில்லை. ஓடைக்கரையைத் தவிர மரமே இல்லாத புல்வெளி தேசம் அது. மாட்டை அடைக்க முள்கம்பி கடைக்கு வந்துவிட்டது, சரி, கம்பியைக் கட்டக் கால் வேண்டுமே. குன்றுச் சரிவுகளில் மேல்மண்ணை வழித்துப் பார்த்தால் ஒரு அடிக்கும் குறைவான கனத்தில், தச்சர் இழைத்து வைத்த பலகை மாதிரி ஒரே சீராக, ஒரு சுண்ணாம்புக்கல் அடுக்கு படுத்துக் கிடந்தது. கல்லின் மேல் நேர்கோட்டில் சுமார் ஒரு சாணுக்கு ஒரு துளை போடுவார்கள். ஒவ்வொரு துளையிலும் இரண்டு இரும்புத் தகடு, அவற்றுக்கு நடுவே ஒரு ஆப்பு. பிறகு சுத்தியை எடுத்துக்கொண்டு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒவ்வொரு ஆப்பாகக் கொஞ்சம் கொஞ்சமாக அடித்துக்கொண்டே போக வேண்டும், திரும்பி வந்து மறுபடியும் அடிக்க வேண்டும், அப்படி இறுக்கிக்கொண்டே போகும்போது ஒரு கட்டத்தில் துளைகளை இணைத்து நூல் பிடித்தாற்போல விரிசல் ஓடிவிடும். புதிதாக எடுத்த கல்லில் ஈரம் இருக்கும், அறுக்கவும் செதுக்கவும் மிருதுவாக இருக்கும். காற்றுப்பட்டு உலர்ந்ததும் இறுகிவிடும். ஒரு கால் 150 கிலோ அளவில் கனக்கும், குதிரை வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய் நட வேண்டும். அப்படி நட்டதில் நூறு வருஷம் தாண்டி இன்னும் நிற்பவை ஏராளம். வீடு, பாலம், தேவாலயம் எல்லாம் இதே கல்லில் எழுந்தன. விக்டோரியா என்ற சிற்றூரில் 1911-ல் கட்டி முடித்த செயின்ட் ஃபிடெலிஸ் தேவாலயத்துக்கு ஊர்மக்களே கல் எடுத்து வண்டியில் கொண்டுவந்து சேர்த்தார்கள்.

இந்த ஒற்றை அடுக்கு நெப்ராஸ்கா எல்லையருகே தொடங்கி டாட்ஜ் சிட்டி பக்கம் வரை சுமார் 300 கிலோமீட்டர் நீளத்துக்கு ஓடுகிறது. ஒரு அடிகூடக் கனமில்லாத ஒரு கல் 300 கிலோமீட்டருக்கு அறுந்துபோகாமல் ஓடுகிறது என்றால், ஆறோ ஏரியோ போட்ட படிவமாக அது இருக்க முடியாது. ஆறு போடும் படிவம் திட்டுத்திட்டாக இருக்கும். இவ்வளவு அகலத்துக்கு ஒரே மாதிரி எதையாவது விரிக்க வேண்டும் என்றால் அதற்கு அமைதியான கடல் அடித்தளம்தான் வேண்டும்.

கிரெட்டேசியஸ் காலம் என்பது இன்றிலிருந்து சுமார் 14.5 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் முடிந்த காலம். அதன் பிற்பகுதியில், சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன், வடக்கே ஆர்க்டிக் பெருங்கடலிலிருந்து ஒரு கை, தெற்கே மெக்சிகோ வளைகுடாப் பக்கமிருந்து ஒரு கை என்று இரண்டு கடல் நீட்சிகள் வட அமெரிக்காவுக்குள் நுழைந்து நடுவில் கைகோத்துக்கொண்டன. அதற்கு மேற்கு உள்நாட்டுக் கடல்வழி என்று பெயர். முழு வீச்சில் இருந்தபோது நீளம் 3,000 கிலோமீட்டருக்கு மேல், அகலம் ஆயிரம் கிலோமீட்டரை நெருங்கும். கண்டம் இரண்டாகப் பிளந்து மேற்கே லாராமிடியா, கிழக்கே அப்பலாச்சியா என்று இரண்டு பெரும் தீவுகளாக நின்றது. இவ்வளவு பெரிய கடலாக இருந்தும் ஆழம் மட்டும் சில நூறு மீட்டர்தான். பெருங்கடலின் சராசரி ஆழம் கிட்டத்தட்ட 3,700 மீட்டர் என்பதோடு வைத்துப் பார்த்தால் இதை ஒரு பெரிய தட்டில் ஊற்றிய தண்ணீர் என்றே சொல்லலாம்.

கண்டத்துக்கு நடுவில் கடல் எப்படி ஏறும்? இரண்டு காரணங்கள் ஒன்றாகச் சேர்ந்தன. முதலாவது, தரை தாழ்ந்தது. மேற்குக் கரையில் ஃபாரலான் என்ற கடல்தட்டு வட அமெரிக்கத் தட்டுக்கு அடியில் புகுந்து போய்க்கொண்டிருந்தது. அந்த நெருக்கலில் இன்றைய நெவாடா, யூட்டா பக்கம் பாறைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி மலைத்தொடராக எழும்பின. கயிற்றுக் கட்டிலின் ஓரத்தில் கனமான ஆள் உட்கார்ந்தால் அவருக்குப் பக்கத்தில் கட்டில் குழியும் இல்லையா, அதுபோல அந்த மலைகளின் பாரத்தில் அவற்றுக்குக் கிழக்கே இருந்த நிலம் அமுங்கிப் பள்ளமானது. அடியில் போய்க்கொண்டிருந்த தட்டும் மேலே இருந்த நிலத்தைக் கீழே இழுத்தது. மலைக்குப் பக்கத்தில் பள்ளம் அதிகம், கிழக்கே போகப் போகக் குறைவு. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேண்டும்.

இரண்டாவது, உலகம் முழுக்கவே அப்போது கடல் மட்டம் மிக உயரத்தில் இருந்தது. துருவங்களில் இன்று இருப்பது போன்ற பெரும் பனிப்பாளங்கள் இல்லை, அந்தத் தண்ணீரும் கடலில்தான் இருந்தது. கூடவே, கடலடியில் புதுத் தரை வேகமாக உருவாகிக்கொண்டிருந்தது. புதிதாகப் பிறந்த கடல்தரை சூடாக இருக்கும், சூடாக இருப்பதால் உப்பி நிற்கும், அது இடத்தை அடைத்துக்கொள்வதால் தண்ணீர் மேலே ஏறிக் கண்டங்களின் தாழ்ந்த ஓரங்களுக்குள் வழிந்துவிடும். நிறைந்த அண்டாவுக்குள் கையை விட்டால் நடப்பதுதான்.

இது அமெரிக்காவுக்கு மட்டும் நடந்த கதை இல்லை என்பதற்கு நம் வீட்டுப் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. திருச்சிக்கு வடக்கே பெரம்பலூர், அரியலூர் பக்கம் கிடக்கும் கடல்பாறைகள் அதே காலத்தவை. அங்கே நடந்தது உள்நாட்டுக் கடல் இல்லை, இந்தியத் துணைக்கண்டத்தின் கிழக்கு ஓரம் பிளந்து தாழ்ந்தபோது அதன்மேல் கடல் ஏறியது. ஆனால் மட்டத்தை உயர்த்திய உலகளாவிய காரணம் ஒன்றேதான். 1860-களில் பிளான்ஃபோர்டு என்ற நிலவியலாளர் இந்தப் பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்றாகப் பிரித்து வைத்தார், அந்தப் பிரிவு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. பெரம்பலூர் மாவட்டத்துக் காரை கிராமத்துச் செம்மண் பள்ளங்களில் நடந்தால், மழை அரித்துவிட்ட சரிவில் துப்பாக்கித் தோட்டா வடிவத்தில் பெலம்னைட் துண்டுகள் உதிர்ந்து கிடக்கும். கணவாயின் தூரத்துச் சொந்தமான ஒரு பிராணியின் உள்ளெலும்பு அது. கையில் எடுத்தால் வழவழவென்று கனமாக இருக்கும். அந்தச் சரிவில் நான் முதல்முறை குனிந்து அதை எடுத்தபோது எனக்குப் பேச்சு வரவில்லை. இன்னொன்று: டைக்கோடஸ் என்ற ஒரு சுறா வகை, கூரான பற்களுக்குப் பதிலாகத் தாயக்கட்டத்தில் அடுக்கிய மாதிரி தட்டையான பற்கள், சிப்பிகளை நொறுக்கித் தின்பதற்கு. அதன் பல் கன்சாஸிலும் கிடைக்கிறது, ஊட்டத்தூர்ப் பாறையிலும் கிடைத்திருக்கிறது. கடல்கள் எல்லாம் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டிருந்ததற்கு இதைவிட நேரான சாட்சி வேண்டாம். கல்லக்குடியில் சிமென்ட் ஆலை வந்ததும் இந்தக் கடல் விட்டுப்போன சுண்ணாம்புக்கல்லை நம்பித்தான். அந்த ஆலையால் ஊர்ப்பெயர் டால்மியாபுரம் ஆகி, 1953-ல் பெயரை மீட்கத் தண்டவாளத்தில் படுத்துப் போராட்டம் நடந்தது நம் அரசியல் வரலாறு.

மறுபடியும் கன்சாஸுக்கு வருவோம். பாறை வரிசையைப் படிக்க ஒரே ஒரு விதி போதும். ஆற்றில் வெள்ளம் வடிந்த பிறகு பார்த்தவர்களுக்கு அது ஏற்கெனவே தெரிந்த விதிதான். ஆறு கொண்டுவருவதில் கனமான மணல் முதலில் விழும், கரைக்குப் பக்கத்திலேயே. மெல்லிய சேறு கொஞ்ச தூரம் மிதந்து போய் அப்புறம் படியும். அதையும் தாண்டி, ஆற்றுச் சேறே எட்டாத தூரத்தில், தண்ணீரில் மிதந்து வாழ்ந்து செத்த நுண்ணுயிர்களின் சுண்ண ஓடுகள் மட்டும் அடியில் போய்ச் சேரும். மணல், சேறு, சுண்ணம். இறுகினால் மணற்கல், ஷேல் எனும் களிப்பாறை, சுண்ணாம்புக்கல். ஒரே இடத்தில் நின்றுகொண்டு கீழிருந்து மேலாக மணற்கல், ஷேல், சுண்ணாம்புக்கல் என்று வந்தால், கடற்கரை உங்களைத் தாண்டி விலகிப் போயிருக்கிறது, அதாவது கடல் ஏறியிருக்கிறது. வரிசை தலைகீழானால் கடல் இறங்கியிருக்கிறது.

கன்சாஸில் அடியில் இருப்பது டகோட்டா மணற்கல், கடற்கரையும் ஆற்று முகத்துவாரமும் போட்டது, இலைப் பதிவுகள் நிறைய. அதன்மேல் கிரேனரோஸ் ஷேல். அதன்மேல் கிரீன்ஹார்ன் சுண்ணாம்புக்கல், நம் வேலிக்கல் இதன் உச்சி அடுக்கு. அதற்கு மேல் கார்லைல் ஷேல், மறுபடி சேறு வந்துவிட்டது, அதன் மேற்பகுதியில் மணல்கூடச் சேர்கிறது. கடல் பின்வாங்கியிருக்கிறது. அதன்மேல் நயோபிராரா, மறுபடியும் சுண்ணம், கடல் இரண்டாவது தடவை பெரிதாக உள்ளே வந்த காலம். கடைசியாக பியர் ஷேல், கனமான கரும்சாம்பல் சேற்றுப்பாறை. இரண்டு பெரிய ஏற்ற இறக்கங்கள், அவற்றுக்குள் சின்னச் சின்னதாக இன்னும் பல.

இதில் நயோபிராராவின் மேற்பகுதிக்கு ஸ்மோக்கி ஹில் சாக் என்று பெயர். சாக் என்றதும் கரும்பலகையில் எழுதும் சாக்பீஸ் ஞாபகம் வரும். இன்றைய சாக்பீஸ் பெரும்பாலும் ஜிப்சத்தில் செய்வது, அது வேறு. இது அசல் சாக், கால்சியம் கார்பனேட், எலுமிச்சைச் சாறு விட்டால் நுரைக்கும். கோக்கோலித்துகள் என்னும் நுண்ணிய தகடுகளால் ஆனது. கடலின் மேற்பரப்பில் வெயிலைத் தின்று வாழ்ந்த ஒற்றைச் செல் பாசிகளின் கவசத் தகடுகள் அவை, ஒரு மில்லிமீட்டருக்குள் நூற்றுக்கணக்கில் வரிசையாக நிற்கும் அளவுக்குச் சிறியவை. இவ்வளவு சிறியது தனியாக விழுந்தால் அடிக்குப் போய்ச் சேர வெகுகாலம் ஆகும். சின்னஞ்சிறு கடல் உயிரிகள் பாசியைத் தின்று, செரிக்காத தகடுகளை உருண்டை எச்சமாக வெளியேற்றின, அந்த உருண்டைகள் கனத்தால் சீக்கிரம் கீழே இறங்கின. பாறையை உடைத்துப் பார்த்தால் வெள்ளைப் பொடிப் புள்ளிகளாக அந்த எச்சங்கள் இன்றும் தெரியும்.

சுமார் 180 மீட்டர் கனம், படிய எடுத்த காலம் ஏறத்தாழ 50 லட்சம் ஆண்டுகள், 8.7 கோடியிலிருந்து 8.2 கோடி ஆண்டுகளுக்கு முன் வரை. வகுத்துப் பாருங்கள். இன்று நாம் பார்க்கும் இறுகிய பாறையில் ஒரு மில்லிமீட்டர் சேர 28 ஆண்டுகள். ஒரு பிள்ளை பிறந்து வளர்ந்து கல்யாணம் ஆகும் வரைக்கும் ஒரு மில்லிமீட்டர்.

அடியில் ஆக்ஸிஜன் குறைவாக இருந்தது. சேற்றைத் துளைத்துக் கிளறும் புழுக்கள் அதிகம் இல்லை, பிணத்தைக் கலைக்கும் பிராணிகளும் குறைவு, அதனால் விழுந்தவை பெரும்பாலும் விழுந்தபடியே கிடந்தன. ஹேஸ் என்ற ஊரில் உள்ள ஸ்டெர்ன்பெர்க் அருங்காட்சியகத்தில் இதற்கு ஒரு அபாரமான சாட்சி தொங்குகிறது. ஜிஃபாக்டினஸ் என்ற 4 மீட்டர் நீள மீன், கீழ்த்தாடை முன்னால் துருத்திக்கொண்டு கோரைப்பல்லோடு முறைக்கும் முகம். அதன் விலா எலும்புகளுக்குள்ளே கிட்டத்தட்ட 1.8 மீட்டர் நீளத்தில் இன்னொரு முழு மீன், முள்ளுக்கு முள் கலையாமல். தன் உடம்பில் பாதியளவு இருந்த இரையை முழுதாக விழுங்கிவிட்டு, அது செரிக்கத் தொடங்கும் முன்பே பெரிய மீனும் செத்து அடியில் விழுந்திருக்கிறது. விழுங்கியதே அதன் சாவுக்குக் காரணமாக இருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. 1952-ல் ஜார்ஜ் ஸ்டெர்ன்பெர்க் அதைத் தோண்டி எடுத்தார். அவருடைய அப்பா சார்லஸ், தம்பிகள் எல்லாருமே புதைபடிவம் எடுப்பதையே வாழ்க்கையாக வைத்துக்கொண்டவர்கள்.

இந்தப் பாறைகள் அறிவியலை எப்படிக் கிளறிவிட்டன என்பதற்கு இரண்டு சம்பவங்கள் சொல்ல வேண்டும். 1867-ல் ஃபோர்ட் வாலஸ் ராணுவ முகாமின் மருத்துவர் தியோஃபிலஸ் டர்னர், பக்கத்து ஷேல் மேட்டில் பெரிய முதுகெலும்புகளைக் கண்டு ஃபிலடெல்ஃபியாவில் இருந்த புதைபடிவ ஆய்வாளர் எட்வர்ட் கோப்புக்கு அனுப்பினார். நீளக் கழுத்துள்ள ஒரு கடல் ஊர்வனவின் எலும்புகள் அவை. கோப் அதற்கு எலாஸ்மோசாரஸ் என்று பெயரிட்டு வரைபடமும் போட்டார், ஆனால் தலையை வால் நுனியில் பொருத்திவிட்டார். 70-க்கும் மேற்பட்ட எலும்புகளைக் கொண்ட கழுத்து இருக்க முடியும் என்று அன்றைக்கு யாருக்குத் தோன்றியிருக்கும், நீளமாக இருந்தது வால் என்றே எடுத்துக்கொண்டார். தவறை இன்னொரு ஆய்வாளரான ஜோசஃப் லைடி வெளிப்படையாகச் சுட்டிக்காட்டினார்.

1872-ல் கன்சாஸ் நிலவியலாளர் பெஞ்சமின் மட்ஜ் ஒரு சிறிய பறவையின் எலும்புகளைப் புதைபடிவ ஆய்வாளர் ஒத்னியல் மார்ஷுக்கு அனுப்பினார். கூடவே பல் உள்ள தாடை ஒன்றும் இருந்தது. பறவைக்குப் பல் ஏது என்று நினைத்த மார்ஷ் முதலில் அந்தத் தாடையை வேறொரு ஊர்வனவுடையது என்று எழுதிவிட்டார். கல்லைச் சுத்தம் செய்யச் செய்யத்தான் இரண்டும் ஒரே பிராணி என்று தெரிந்தது. அதுதான் இக்தியோர்னிஸ், பல்லோடு பறந்த பறவை. ஊர்வனவுக்கும் பறவைக்கும் நடுவே நிற்கும் உயிர் எங்கே என்று கேட்டவர்களுக்குக் கையில் எடுத்துக் காட்டப் பதில் கிடைத்துவிட்டது. 1880-ல் டார்வினே மார்ஷுக்குக் கடிதம் எழுதி, கடந்த இருபது ஆண்டுகளில் பரிணாமக் கொள்கைக்குக் கிடைத்த சிறந்த ஆதரவு இந்தப் பறவைகள்தான் என்ற பொருளில் பாராட்டினார்.

எனக்கு இவற்றைவிடப் பெரிதாகத் தோன்றுவது எலும்பே இல்லாத ஒரு கண்டுபிடிப்பு. கொலராடோவில் பியூப்லோ பக்கம் இந்தப் பாறைகள் வரிவரியாக இருக்கும். சுண்ணாம்புக்கல் ஒரு பட்டை, ஷேல் ஒரு பட்டை, மறுபடி சுண்ணாம்புக்கல், மறுபடி ஷேல், கரைபோட்ட புடவையை மடித்து வைத்த மாதிரி. குரோவ் கார்ல் கில்பர்ட் என்ற நிலவியலாளர் 1895-ல் இதைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். இவ்வளவு ஒழுங்காகத் திரும்பத் திரும்ப வருவது எது? வெள்ளமும் புயலும் இப்படிக் கணக்காக வராது. ஒழுங்காகத் திரும்பி வருவது வானத்தில்தான் இருக்கிறது. பூமியின் அச்சு பம்பரம் தலையாட்டுவது போல மெல்லச் சுழல்கிறது, அதனால் பருவகால வெயிலின் பலம் சுமார் 21,000 ஆண்டுகளுக்கு ஒரு முறை கூடிக் குறைகிறது, அந்தத் தாளம்தான் கடலுக்குள் வந்து சேரும் சேற்றையும் சுண்ணத்தையும் மாற்றிப் போட்டிருக்க வேண்டும் என்றார். அப்படியானால் பட்டைகளை எண்ணினால் காலம் கிடைத்துவிடும். பூமியின் மொத்த வயதே சில கோடி ஆண்டுகள்தான் என்று கெல்வின் பிரபு சொல்லிக்கொண்டிருந்த காலம் அது, கதிரியக்கத்தை வைத்து வயது பார்க்கும் முறை பிறக்கவே இல்லை. கையில் இருந்தது ஒரு பாறைச் சுவரும் ஒரு வானியல் எண்ணும்தான். அதே பாறைகளுக்குள் மேற்கு எரிமலைகளின் சாம்பல் படிந்த மெல்லிய அடுக்குகள் உண்டு, அவற்றில் உள்ள படிகங்களை வைத்துப் பிற்காலத்தில் துல்லியமாக வயது கணித்தபோது, பூமியின் சுற்றுப்பாதைத் தாளம் இந்தப் பட்டைகளில் பதிந்திருப்பது உறுதியானது. இன்று பியூப்லோவுக்குப் பக்கத்தில் உள்ள ஒரு பாறைச் சுவர்தான் உலகம் முழுமைக்கும் கிரெட்டேசியஸின் உட்பிரிவுகளில் சினோமேனியன் காலம் முடிந்து டுரோனியன் காலம் தொடங்கும் இடத்தின் அளவுகோல், 9.39 கோடி ஆண்டுகள். காரைப் பாறைகளில் அதே எல்லையைத் தேடுபவர்களும் பியூப்லோவோடுதான் ஒப்பிட்டாக வேண்டும்.

அந்த உள்நாட்டுக் கடலின் மேற்குக் கரையில் கதை வேறு. மலை பக்கத்தில், பள்ளம் ஆழம், ஆறுகள் ஓயாமல் மணலும் சேறும் கொட்டின. அதனால்தான் கிழக்கே சாக் படிந்த காலத்தில் இங்கே ஆயிரம் மீட்டரைத் தாண்டும் கனத்தில் மான்கோஸ் ஷேல் படிந்தது. கரை முன்னும் பின்னும் நகர்ந்தபோதெல்லாம் கடற்கரை மணல் ஒரு அடுக்கு, அதன் பின்னால் சதுப்பில் மக்கிய தாவரம் நிலக்கரியாக ஒரு அடுக்கு. தென்மேற்குக் கொலராடோவின் மேசா வெர்டேயில் இந்த அடுக்குகள் இன்று 2,000 மீட்டர் உயரத்துக்கு மேல் நிற்கின்றன. உச்சியில் கிளிஃப் ஹவுஸ் மணற்கல். மழைநீர் மணற்கல்லுக்குள் இறங்கும், ஷேல் அடுக்கை எட்டியதும் அதற்குக் கீழே போக வழியில்லாமல் பக்கவாட்டில் கசியும். கசிந்த இடத்தில் கல் ஊறி, குளிரில் உறைந்து, உதிர்ந்து உதிர்ந்து பெரிய குடைவு உண்டாகும். அந்தக் குடைவுகளுக்குள்தான் 1200-களில் பியூப்லோ என்ற பழங்குடி மக்களின் முன்னோர்கள் கல்வீடுகள் கட்டிக் குடியிருந்தார்கள். கூரை, பின்சுவர், குடிக்கக் கசிவுநீர் எல்லாமே அந்த மணலும் சேறும் மாறிய ஒரே கோட்டிலிருந்து வந்தவை.

எல்லாமே வரமாக வந்துவிடவில்லை. பியர் ஷேலில் எரிமலைச் சாம்பல் சிதைந்து உண்டான ஒரு வகைக் களிமண் இருக்கிறது, நம் கரிசலில் இருப்பதும் அதே குடும்பம்தான். தண்ணீர் பட்டால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். கரிசல்காட்டில் வீடு கட்டியவர்களுக்கு அந்த வேதனையை விளக்க வேண்டியதில்லை. டென்வருக்கு மேற்கே மலை எழும்பியபோது இந்த அடுக்குகள் செங்குத்தாகச் சாய்ந்துவிட்டன, அதனால் ஒரே தெருவில் ஒரு அடுக்கு உப்பும், பக்கத்து அடுக்கு சும்மா இருக்கும். வீடு கட்டி, புல்தரை போட்டு, தண்ணீர் ஊற்றத் தொடங்கியதும் தரை வரிவரியாக மேலே எழும்பிச் சுவரைப் பிளக்கிறது. அங்கே வீடு கட்ட இதற்கென்றே தனி விதிகள் வைத்திருக்கிறார்கள்.

மொன்டானாவில் மிசௌரி ஆற்றுக்குக் குறுக்கே ஃபோர்ட் பெக் அணையைக் கட்டிக்கொண்டிருந்தபோது, 1938 செப்டம்பர் 22-ம் தேதி அணைக்கரையின் ஒரு பெரும் பகுதி அப்படியே நீர்ப்பக்கமாகச் சரிந்தது. எட்டுத் தொழிலாளர்கள் இறந்தார்கள். அணைக்கு அடியில் இருந்தது பேர்பா ஷேல், அதே கடலின் சேறு. அந்த ஷேலும் அதற்குள் ஓடிய சாம்பல் களி அடுக்குகளும் பலவீனமாக இருந்தது முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டது, கரையில் நிரப்பிய மணல் நீர் ஊறிக் குழம்பாகிவிட்டது என்ற வாதமும் உண்டு. அதே பேர்பா அடுக்கில்தான் கனடாவின் ஆல்பெர்ட்டா பக்கம் அம்மோனைட் என்ற, கணவாய்க்குச் சொந்தமான கடல் பிராணியின் சுருள் ஓடுகள் மயில்கழுத்து நிறத்தில் மின்னும் ரத்தினமாகக் கிடைக்கின்றன, அம்மோலைட் என்று நகையில் பதிக்கிறார்கள். மான்கோஸ் ஷேலில் பாசனம் செய்தால் அந்தப் பழைய கடற்சேற்றின் உப்பும் செலினியமும் கரைந்து கொலராடோ ஆற்றுக்குள் இறங்குகின்றன, கீழே இருக்கும் விவசாயிக்கும் மீனுக்கும் அது இன்றைய பிரச்சினை.

கடல் ஏன் போனது? மேற்கே புகுந்துகொண்டிருந்த தட்டு பிற்காலத்தில் படுத்தவாக்கில் நகர ஆரம்பித்து, ராக்கி மலைகளை எழுப்பியது. பள்ளமாக இருந்த இடமே மேடானது, கடல் மட்டமும் இறங்கியது, தண்ணீர் பெரும்பாலும் தெற்கே வளைகுடாப் பக்கமாக விலகியது. அது கடைசியாக விட்டுப்போன கடற்கரை ஃபாக்ஸ் ஹில்ஸ் மணற்கல். அதற்கு மேலே இருக்கும் ஹெல் கிரீக் பாறையில்தான் டைரனோசாரஸ் நடந்தது.

கன்சாஸின் கோவ் கவுண்டியில் மான்யுமென்ட் ராக்ஸ் என்று ஒரு இடம், சமவெளிக்கு நடுவில் 20 மீட்டர் உயரத்துக்குச் சாக் தூண்கள் நிற்கும். மேலே இருந்த பாறை எல்லாம் அரித்துப்போக இவை மட்டும் மிஞ்சியிருக்கின்றன. மிஞ்சியதும் நிலையில்லை.  அதே கவுண்டியில் காசில் ராக்கின் உயரமான கூர்முனை 2001-ல் ஒரு இடிமழைக்குப் பிறகு சரிந்தது. விரலால் தேய்த்தாலே பொடி ஒட்டும் கல், மழை பெய்தால் வெள்ளைக் கலங்கலாக ஓடை வழியே ஸ்மோக்கி ஹில் ஆற்றில் இறங்குகிறது, அது கன்சாஸ் ஆறாகி, மிசௌரியில் சேர்ந்து, மிசிசிப்பி வழியாகத் தெற்கே மெக்சிகோ வளைகுடாவுக்குப் போகிறது, அந்தக் கடல் வெளியேறிப் போன அதே திசையில்.